எறும்புகூட விழாத பொறி

புதிதாக வந்திருக்கிற உங்கள் ஆறு பேரையும் காட்டுக்கு அனுப்பாமல் கொழும்பிலேயே ஒருகொடவத்தைக்கு அனுப்பியிருக்கிறார்களாம், அதனால் உங்கள் முகங்கள் தொங்கிப்போய்க் கிடக்கின்றனவாம். கேள்விப்பட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் முகமும் அப்படித்தான் தொங்கியது. காட்டு மரங்களின் சுகத்தைக் கண்காணிக்கிற வேலை என்று சொல்லி எடுத்துவிட்டு, கொள்கலன்கள் அடுக்கிய யார்டுக்குள், டீசல் புகைக்குள், தலையில் ஒரு மஞ்சள் தொப்பியை மாட்டிவிட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். காட்டில் நடக்கலாம் என்று ஆசைப்பட்டுக் கணுக்கால்வரை மூடுகிற சப்பாத்து வாங்கினேன். அதைப் போட்டுக்கொண்டு, வீட்டிலிருந்து பஸ்ஸில் கால் மணித்தியாலத்தில் போய்ச் சேருகிற லொறி யார்டுகளைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

இப்போது ஓய்வு பெற்று வெள்ளவத்தையில் இருக்கிறேன். புதிய பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கந்தோரிலிருந்து கேட்டார்கள். பொறியை எந்த உயரத்தில் கட்டுவது, எந்தப் படிவத்தை எப்போது அனுப்புவது என்பதெல்லாம் உங்கள் கைநூலில் இருக்கிறது. அதை நான் எழுதி உங்களைக் கொட்டாவி விட வைக்கப் போவதில்லை. என் பதிவேட்டில் ஆறு மாதமாக நான் எழுதி வந்த ஒரு பொய்யைப் பற்றி எழுதுகிறேன். பொய் என்று தெரியாமல்தான் எழுதினேன். ஆனாலும் கையெழுத்து என்னுடையது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், முகத்தைக் கொஞ்சம் நிமிர்த்துங்கள். வெளிநாட்டிலிருந்து இயந்திரங்கள் மரப்பெட்டிகளில் வருகின்றன. அந்தப் பலகை எந்தக் காட்டு மரமோ, அதற்குள் என்ன குடியிருக்கிறதோ, யாருக்கும் தெரியாது. யார்டில் பெட்டியை உடைத்து இயந்திரத்தை எடுத்துவிட்டு, பலகையை விற்றுவிடுவார்கள். பலகை லொறியேறி ஊர்களுக்குப் போகும். அங்கே கோழிக்கூடாகும், கடைத் தட்டாகும், விறகாகும். பலகைக்குள் இருக்கிற பூச்சி வெளியே வந்து பக்கத்தில் நிற்கிற மகோகனியைப் பார்க்கும். அந்தப் பூச்சியைத் தின்பதற்கு அதன் ஊரில் ஏதாவது ஒன்று இருந்திருக்கும், இங்கே இல்லை. அதோடு மல்லுக்கட்ட நம்முடைய மரங்களுக்குப் பழக்கமும் இல்லை. ஆகவே பூச்சி காட்டுக்குப் போனபிறகு நீங்கள் காட்டில் நின்று அழுவதில் ஒரு பிரயோசனமும் கிடையாது. அதைப் பிடிக்க வேண்டிய இடம் ஒருகொடவத்தைதான்!

அதற்காகத்தான் யார்டுகளில் பொறி கட்டித் தொங்கவிடுகிறோம். கறுப்புப் புனல்களை ஒன்றின் கீழ் ஒன்றாகக் கோர்த்த நீளமான சாமான். நோய்ப்பட்ட மரம் லேசான சாராய வாடை விடும். பொறியில் வைக்கிற சிறு பையும் அதே வாடையை விடும். மரத்தைத் துளைக்கிற பூச்சி ஏமாந்து வந்து, வழுக்கி, அடியிலிருக்கிற கிண்ணத்துக்குள் விழும். கிண்ணத்தில் ஒரு துண்டு மருந்து கிடக்கும், அதோடு அதன் கதை முடிந்தது. வாரம் ஒருமுறை நாங்கள் போய்க் கிண்ணத்தைக் கழற்றி, விழுந்ததை எண்ணி, எடுத்து வருவோம்.

என் பொறுப்பில் பன்னிரண்டு பொறிகள். அவற்றில் ஏழாவது, ஒருகொடவத்தையில் கால்வாய்க் கரையோரமாக இருந்த ஒரு யார்டில். அந்த யார்டின் காவலாளி பெயர் மருதை. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், மலையகத்தில் தேயிலைத் தோட்டமொன்றில் வளர்ந்து, கொழும்புக்கு வந்து தெமட்டகொடையில் குடும்பத்தோடு இருந்தவர். சீருடைச் சட்டையின் மேல் பொத்தானைக்கூடக் கழற்றாத மனிதர். கேற்றைத் தாண்டி ஒரு நாய் வந்தாலும் பதிவுப் புத்தகத்தில் நேரத்தோடு எழுதுவார் என்று லொறிக்காரர்கள் அவரைப் பகிடி பண்ணுவார்கள்.

பொறி கட்டி ஒரு வாரம் கழித்து முதல்முறை பார்க்கப் போனபோது நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. கிண்ணம் முழுக்க இலை, மேலே சிலந்தி வலை, சேறு. எனக்கு அன்று காலையிலிருந்தே எரிச்சல். எல்லாவற்றையும் அந்த மனிதரின் தலையில் கொட்டினேன்.

"என்ன கோலம் இது? அரசாங்கச் சாமான். சுத்தமா வைச்சிருக்க ஏலாதா?"

அவர் "சரிங்க மிஸ்" என்று மட்டும் சொன்னார். நான் சொன்னது இலையையும் வலையையும்தான். பொறி எதற்காகத் தொங்குகிறது, கிண்ணத்தில் என்ன விழ வேண்டும் என்று அவருக்கு நான் சொல்லவே இல்லை. காவலாளிக்கு அதெல்லாம் எதற்கு என்று நினைத்திருப்பேன். வெட்கக்கேடுதான், ஆனால் நினைத்தது அதுதான்.

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் என் பச்சை நிறப் பேனையைக் காணவில்லை. வேலை கிடைத்தபோது, கோவிலில் என்னோடு பாடுகிற பெண்கள் எல்லாரும் சேர்ந்து வாங்கித் தந்த பேனை. அந்த யார்டில்தான் கடைசியாக எழுதினேன். யாரோ அடித்துவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன். அதன்பிறகு அங்கே போகும்போதெல்லாம் கைப்பையின் சிப்பை இழுத்துப் பூட்டி, தோளிலிருந்து இறக்காமலே வேலை செய்தேன்.

யார்டுக்குள் போவதென்றால் அனுமதி வேண்டும். சொல்லாமல் போனால் வெயிலில் ஒரு மணித்தியாலம் நிறுத்தி வைப்பார்கள். ஆகவே புதன்கிழமை பின்னேரம் தொலைபேசியில் சொல்லிவிட்டு வியாழன் காலை போவேன். மருதை கேற்றைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார். அடுத்த வாரம் போனேன், பொறி பளபளவென்று இருந்தது. கிண்ணத்தில் ஒன்றுமில்லை. பதிவேட்டில் "இல்லை" என்று எழுதினேன். அதற்கடுத்த வாரமும் இல்லை. அதற்கடுத்ததும் இல்லை. எனக்கு ஒரே சந்தோஷம். அவரிடம் ஒருமுறை "நல்லா வைச்சிருக்கிறீங்கள்" என்று பாராட்டுக்கூடச் சொன்னேன்.

ஆய்வுகூடத்தில் என்னோடு வேலை செய்த நண்பி ஒருத்தி மட்டும், ஒருநாள் தேநீர் குடிக்கும்போது, ஏழாம் பொறியில் எறும்புகூட விழாதா என்று கேட்டாள். எறும்பெல்லாம் கொட்டாஞ்சேனைக்குக் குடிபெயர்ந்துவிட்டன என்று நான் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். அவள் கேட்டது எப்பேர்ப்பட்ட கேள்வி! திறந்தவெளியில் ஆறு மாதம் தொங்குகிற ஒரு பாத்திரத்தில் ஓர் எறும்பு, ஓர் ஈ, ஒரு கொசு விழாமல் இருக்குமா? மற்றப் பதினொரு பொறிகளிலும் குப்பை குப்பையாக விழுந்தது. டீசல் புகைக்கு எதுவும் வராது என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். நல்ல செய்தி என்றால் நாங்கள் அதைச் சந்தேகப்படுவதில்லை, பாருங்கள்.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. ஏழாம் பொறியின் பதிவைக் காட்டி, அந்த யார்டு மிகச் சுத்தமானது, அங்கிருந்து போகிற பலகையை நிறுத்திச் சோதிக்கத் தேவையில்லை என்று நானே கூட்டத்தில் பரிந்துரை செய்தேன். எங்கள் தலைமை அதிகாரி ஏற்றுக்கொண்டார். என் பதவி உயர்வுக்கான நேர்முகத் தேர்வு வரவிருந்தது. இப்படியொரு யோசனை சொன்னவள் என்று என் பெயர் கொஞ்சம் வெளியே தெரிந்தது. நான் காற்றில் நடந்துகொண்டிருந்தேன்.

பிறகுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது.

அந்த வாரம் வியாழக்கிழமை பௌர்ணமிப் போயா விடுமுறை. ஆகவே இரண்டு நாள் முன்னதாகவே போய்வந்துவிடலாம் என்று புறப்பட்டேன். தொலைபேசியில் சொல்ல மறந்துபோனேன். கேற்றில் நல்லவேளையாக மருதையே நின்றார். என்னைக் கண்டதும் அந்த மனிதரின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். வீடு கூட்டாமல் கிடக்கிறபோது விருந்தாளி வந்து நின்றால் எப்படி இருக்கும், அப்படி.

"மிஸ் சொல்லாம வந்துட்டீங்களே. இன்னும் கழுவலைங்க."

எதைக் கழுவவில்லை என்று கேட்டேன். பொறியைத்தான் என்றார். வாளியும் துணியும் எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் ஓடப் பார்த்தார். நான் அவரை முந்திக்கொண்டு ஓடினேன். அந்தச் சப்பாத்து அன்றைக்குத்தான் பிரயோசனப்பட்டது!

கிண்ணத்தைக் கழற்றினேன். எறும்பு இருந்தது. ஈ இருந்தது. இலைத் துண்டு இருந்தது. பொடிப் பொடியாகக் கறுப்பு வண்டுகள் இருந்தன. அவற்றுக்கு நடுவே நெல் மணியளவில் நாலு வண்டு. முதுகின் பின்பக்கம் கத்தியால் சரிவாக வெட்டியதுபோல் இருந்தது, அந்தச் சரிவின் ஓரத்தில் முள். உருப்பெருக்கி வில்லையை எடுத்துப் பார்த்தேன். எங்கள் பெட்டிகளில் குத்தி வைத்திருந்த எந்த மாதிரியோடும் அது பொருந்தவில்லை. ஒன்றை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பயத்திலா என்று கேட்டால், உண்மையைச் சொல்கிறேன், பாதி சந்தோஷத்தில். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அது விளங்கும். உங்களுக்கும் ஒருநாள் விளங்கும்.

மருதை எனக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். சின்னது எல்லாம் தோட்டத்தில் தேயிலைக் கொப்பைத் துளைக்கிற பூச்சி மாதிரி இருக்கிறது என்றார். அது சரிதான், அந்த வகைதான். பெரியதைக் காட்டி, "இது நம்ம ஊரு பூச்சி இல்லீங்க மிஸ்" என்றார். படித்துப் பட்டம் பெற்ற நான் சொல்ல வேண்டியதை அவர் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் பின்னால் லொறியொன்று உறுமுகிற சத்தம் கேட்டது. பலகை ஏற்றிய லொறி. கேற்றுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு புறப்படத் தயாராக நின்றது. பலகை வாங்குகிற, எல்லாரும் அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடுகிற ஜுனைத் நானா முன் ஆசனத்தில் இருந்தார். தெமட்டகொடையில் கடை வைத்திருந்தவர். அந்தப் பலகை எங்கே போகிறதென்று எனக்குத் தெரியும். இரத்தினபுரிப் பக்கம் அவருடைய மச்சானின் மர ஆலைக்கு. ஆலையின் பின்வேலிக்கு அப்பால் மகோகனிக் காடு. நிறுத்திச் சோதிக்கத் தேவையில்லை என்று எழுதிக் கொடுத்தவளும் நானே.

நான் போய் லொறிக்கு முன்னால் நின்றேன். வேறு வழி தெரியவில்லை. தடுத்து நிறுத்த என் கையில் எந்தத் தாளும் இல்லை. இருந்த அதிகாரத்தை நானே எழுதிக் கிழித்திருந்தேன். நானா இறங்கி வந்தார்.

"லொறிய மறிச்சா நான் என்ன செய்ற மிஸ்? நீங்கதானே செக் பண்ணத் தேவல்ல எண்டு சொன்ன."

அவர் சொன்னதில் பிழையே இல்லை. பத்து நிமிடம் தாருங்கள் என்று கெஞ்சிவிட்டுத் தலைமை அதிகாரிக்கு அழைத்தேன். அவர் ஏதோ கூட்டத்தில் இருந்தார், வெளியே வந்து பேசினார். விஷயத்தைச் சொன்னேன். ஆறு மாதமாக ஒன்றுமே இல்லாத பொறியில் இன்றைக்கு மட்டும் எப்படி வந்தது என்று கேட்டார். பொறியை ஒவ்வொரு வாரமும் நான் வருமுன் கழுவி வைத்திருக்கிறார்கள், ஆகவே என் பதிவேடு பிழை என்றேன். அவர் உடனே, கழுவியது யார், யார் சொல்லிக் கழுவினார்கள் என்று கேட்டார். அரசாங்கப் பொறியில் கைவைத்ததற்குக் காவலாளிகளை அனுப்புகிற கம்பனிக்கு உடனே முறைப்பாடு எழுத வேண்டும் என்றும் சொன்னார்.

மருதை இரண்டு அடி தூரத்தில் வாளியோடு நின்றார். முறைப்பாடு போனால் அன்றைக்கே சீருடையைக் கழற்றி வாங்கிவிடுவார்கள். அவருக்கும் அது தெரியும். என்னைப் பார்க்காமல் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இந்த இடத்தில் நான் ஒன்றும் பெரிய யோசனை செய்யவில்லை, பிள்ளைகளே. யோசித்திருந்தால் நேர்முகத் தேர்வு ஞாபகம் வந்திருக்கும்.

"நான்தான் சேர். நான்தான் கழுவச் சொன்னனான்."

அவர் இன்னும் ஒரு தடவை கேட்டார். நானும் இன்னும் ஒரு தடவை சொன்னேன். சரி, அதை எழுத்தில் தாரும், லொறியை நிறுத்தும், என் உத்தரவு என்று சொல்லும் என்றார். உடனே அடுத்த கேள்வியைப் போட்டார். இந்தப் பூச்சி அங்கே எப்போதிலிருந்து இருக்கிறது?

எனக்குத் தெரியாது. யாருக்குத் தெரியும்? நானாவிடம் கேட்டேன். வாரத்துக்கு ஒரு லொறி போகிறது, ஆறு மாதமாகப் போகிறது என்றார். மனதுக்குள் கணக்குப் போட்டேன். இருபதுக்கு மேற்பட்ட லொறிப் பலகை. அதெல்லாம் அறுபட்டு, விற்கப்பட்டு, அந்த வட்டாரத்தில் எந்தெந்த வீட்டில் எந்தெந்த உருவில் கிடக்கிறதோ! எப்போதிலிருந்து என்று தெரியாவிட்டால் எல்லாவற்றையும் சந்தேகப்பட வேண்டும். வீடு வீடாகத் தேட வேண்டும். ஆலையைச் சுற்றியுள்ள மரங்களை, வீட்டுப் பலா மரங்கள் உட்பட, வெட்டச் சொல்ல வேண்டி வரும். காட்டின் ஓரத்தில் ஒரு பெரிய பட்டியை மொட்டையடிக்க வேண்டி வரும். தலைமை அதிகாரி அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். நான் "ஓம் சேர், ஓம் சேர்" என்று கண்ணில் தண்ணீரோடு தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

மருதை என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

"எப்ப இருந்துன்னுதானே மிஸ் தெரியணும்? அது பாத்து சொல்லலாங்க."

என்னைக் காவலறைக்குக் கூட்டிப் போனார். மேசையின் கீழ் இலாச்சியை இழுத்தார். உள்ளே ஒரு குடை, சாவிக் கொத்துகள், ஒற்றைச் செருப்பு, யாரோ மறந்துபோன மூக்குக் கண்ணாடி. யார்டில் கண்டெடுக்கிற எந்தச் சாமானையும் தாளில் சுற்றி, தேதி போட்டு, உரியவர் கேட்டு வரும்வரை வைத்திருக்க வேண்டும் என்பது அவர்களுடைய கம்பனிச் சட்டம். அவற்றுக்குப் பக்கத்தில், கச்சான் கடலைச் சரை மாதிரி மடித்த சின்னச் சின்னக் காகிதப் பொட்டலங்கள் வரிசையாக அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் தேதி. இருபத்துச் சொச்சம் பொட்டலங்கள்.

கிண்ணத்தைக் கழுவுவதற்கு முன் அதில் கிடந்ததைக் கொட்டி மடித்து வைத்திருக்கிறார். ஒரு வாரம் தவறவில்லை. "ஆபீஸ் பொறியில கெடந்த சாமானுங்க. தூக்கிப் போட நான் யாரு?" என்றார்.

நான் அந்த மனிதரைக் கட்டிப்பிடிக்காமல் விட்டது சீருடையின் மரியாதைக்காகத்தான். கையை நீட்டிப் பொட்டலங்களை அள்ளப் போனேன். அவர் இலாச்சியைப் பாதி மூடிவிட்டார்! சாமானைப் பெற்றுக்கொண்டதாக ஒவ்வொன்றுக்கும் புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டுமாம். வெளியே லொறி உறுமுகிறது, நானா மணிக்கூட்டைப் பார்க்கிறார், தொலைபேசியில் தலைமை அதிகாரி காத்திருக்கிறார், நான் குனிந்து நின்று கையெழுத்து, கையெழுத்து, கையெழுத்து. மருதை ஒவ்வொரு தேதியையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் பொட்டலத்தைத் தந்தார். அன்றைக்கு எனக்குப் பொறுமை இல்லை. பிறகு யோசித்துப் பார்க்கையில், ஆறு மாதமாக ஏழாம் பொறியைச் சரியாகப் பார்த்துக்கொண்டவர் அந்த யார்டில் அவர் ஒருவர்தான்.

காவலறை மேசையில் பழைய பத்திரிகையை விரித்துப் பிந்திய தேதியிலிருந்து பின்னோக்கித் திறந்தேன். போன வாரப் பொட்டலம். நெல் மணி வண்டு மூன்று. அதற்கு முந்திய வாரம். ஒன்று. அதற்கு முந்திய வாரம். எறும்பு, ஈ, சின்ன வண்டு. அவ்வளவுதான். வில்லையைத் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தேன். இல்லை. அதற்கு முந்தியது, இல்லை. இன்னும் முந்தியது, இல்லை. நானாவும் வந்து மேசையோரம் நின்று, ஒவ்வொரு பொட்டலத்துக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கத் தொடங்கினார். "இல்லை" என்று நான் சொல்லச் சொல்ல அவர் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார், மருதை பொட்டலத்தை மறுபடி மடித்தார். கடைசிப் பொட்டலம்வரை அதுதான் கதை.

இரண்டே வாரம்! நிற்கிற லொறியையும் சேர்த்தால் மூன்று லொறி. இருபது லொறி இல்லை, மூன்று. நான் தொலைபேசியில் கத்தியே விட்டேன் என்று நினைக்கிறேன். தலைமை அதிகாரி, கத்தாதேயும், உடனே இரத்தினபுரிக்குப் போம் என்றார்.

கந்தோர் வாகனம் வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஜுனைத் நானா தன் வானைக் கொண்டுவரச் சொன்னார். மச்சானுக்கு அழைத்து, ஒரு பலகையையும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தானே ஓட்டினார். நாங்கள் அவிசாவளையைத் தாண்டும்போது நல்ல மழை. பகல் சாப்பாட்டுக்குக்கூட நிறுத்தவில்லை. வழி முழுக்க அவர் பூச்சியைப் பற்றிக் கேள்வி மேல் கேள்வி கேட்டார். அதுவரை இருபது வருடம் பலகை விற்றவர், பலகைக்குள் ஓர் ஊர் இருக்கிறதென்று யாரும் தனக்குச் சொல்லவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார்.

போன வாரப் பலகை தார்ப்பாயின் கீழ் அப்படியே கிடந்தது. ஆலையில் வாள் உடைந்து வேலை நின்றிருந்தது. வாள் உடைந்ததற்கு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதைக் கண்டு மச்சானுக்குக் கொஞ்சம் மனவருத்தம். அதற்கு முந்திய வாரத்து லொறிதான் பிரச்சினை. அதில் பெரும்பகுதி ஆலையிலேயே கிடந்தது, அறுத்து விற்ற கொஞ்சம் அடுத்த வீட்டு அம்மாவிடம் புத்தம் புதிய கோழிக்கூடாக நின்றது. நானும் நானாவும் எங்கள் சிங்களத்தை எல்லாம் திரட்டிக் கெஞ்சினோம். அந்த அம்மா இடுப்பில் கைவைத்துக் கேட்டுவிட்டு, கடைசியில் புதுக் கூடு கட்டித் தருவதாக நானா சத்தியம் பண்ணியபிறகு, கோழிகளைத் திறந்துவிட்டார். மழைக்குள் கோழிகள் நாலா பக்கமும் ஓட, நாங்கள் கூட்டைப் பலகை பலகையாகக் கழற்றினோம். இரண்டு பலகையில் துளை இருந்தது. துளை வாயில் மாவு மாதிரி மரத்தூள். பூச்சி இன்னும் உள்ளேதான் இருந்தது.

எல்லாவற்றையும் பொலித்தீனில் சுற்றிக் கட்டிவிட்டு, வேலிக்கு அப்பால் போய், இருட்டும்வரை மகோகனி அடிமரங்களைத் தடவித் தடவிப் பார்த்தேன். துளை இல்லை. முதல் தடவையாகக் காட்டுக்குள் நிற்கிறேன் என்பதே அப்போதுதான் உறைத்தது. அட்டை கடித்து இரத்தம் வழிந்தது. நான் சிரித்துக்கொண்டு நின்றேன்.

அந்தக் காட்டோரத்தில் பொறிகள் கட்டி ஒன்றரை வருடம் பார்த்தோம். எறும்பு விழுந்தது, ஈ விழுந்தது, நம்மூர் வண்டு எத்தனையோ வகை விழுந்தது. அந்த நெல் மணி வண்டு விழவில்லை. அப்போது நான் எழுதிய "இல்லை" உண்மையான "இல்லை". ஒருகொடவத்தையில் யார்டுக்குப் பின்னால் கால்வாய்க் கரையில் நின்ற இரண்டு மரங்களில் மட்டும் துளை கண்டோம். வெட்டி எரித்தோம். முதல் வண்டு கிண்ணத்தில் விழுந்த வாரமே நான் அதைப் பார்த்திருந்தால் அவை இரண்டும் இன்றைக்கும் நின்றிருக்கும். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் வலிக்கும்.

பதவி உயர்வு அந்தத் தடவை எனக்குக் கிடைக்கவில்லை. எழுத்தில் கொடுத்த வாக்குமூலம் கோப்பில் இருந்ததே, எப்படிக் கிடைக்கும்? மூன்று வருடம் கழித்துக் கிடைத்தது. மருதையின் மேல் முறைப்பாடு போகவில்லை. உங்கள் படிவத்தில் கடைசி வரியாக, பொறியை இந்த வாரம் வேறு யாராவது தொட்டார்களா, அவர்களிடம் கேட்டீர்களா என்று இரண்டு கேள்வி இருக்கிறதல்லவா? சலிப்போடு "இல்லை, ஆம்" என்று நிரப்புகிறீர்கள் என்று தெரியும். அந்த வரி வந்த கதை இதுதான்.

கடைசியாக ஒன்று. அடுத்த வாரம் வியாழக்கிழமை, சொல்லாமலே போனேன். பொறி இலையும் வலையுமாக அசிங்கமாகத் தொங்கியது. மருதை அதைப் பார்க்கவே பொறுக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். இப்படித்தான் இருக்க வேணும் என்று நான் சொன்னேன், பொறி என்ன செய்கிறது என்பதையும் முதல்முறையாக உட்கார்ந்து முழுவதும் விளக்கிச் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவர் தயங்கித் தயங்கி, மிஸ்ஸுக்கு வேறு ஏதாவது சாமான் தொலைந்ததா என்று கேட்டார்.

இல்லையே என்றேன். பிறகு ஞாபகம் வந்தது. ஒரு பச்சைப் பேனை என்றேன்.

இலாச்சியின் ஆக அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். அதில் போட்டிருந்தது, நான் அவரை ஏசிய நாளின் தேதி. பொறிக்குக் கீழே புல்லுக்குள் கிடந்ததாம். என்னுடையதாக இருக்கும் என்று தெரியும், ஆனால் உரியவர் யாரென்று காவலாளி முடிவு பண்ணக் கூடாது, உரியவர்தான் கேட்க வேண்டும் என்றார்.

"நீங்க ஒருநாளும் கேக்கலையே மிஸ்."

ஆறு மாதமாக என் கைப்பை அந்த யார்டில் பூட்டியே இருந்ததை அவர் கவனித்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. நாயைக்கூடப் புத்தகத்தில் எழுதுகிற மனிதர், கவனித்திருப்பார். புத்தகத்தை என் முன்னால் தள்ளினார். அந்தப் பேனையாலேயே கையெழுத்துப் போட்டேன். கைப்பையைத் தோளிலிருந்து இறக்கி, சிப்பை இழுக்காமல், அவருடைய கதிரையில் வைத்துவிட்டுப் பொறியைப் பார்க்கப் போனேன்.